கை வச்சா விழாத ரேகை

அணைக்கட்டு தாண்டி ஒடுகத்தூர் போற ரோட்டுல சின்னதா ஒரு இ-சேவை மையம் வச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி கொஞ்ச வருஷம் வேற எடத்துல ஆதார் ஆபரேட்டர். ரெண்டையும் சேத்துப் பாத்தா ஜனங்களோட கட்டவிரலப் புடிச்சி கண்ணாடி மேல அழுத்தறதுதான் என் பொழப்பு, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. "தொடச்சிட்டு வைம்மா", "இன்னும் கொஞ்சம் அழுத்து", "வேற வெரல் குடுப்பா", இதையே நைட்டு தூக்கத்துலயும் பொலம்பறேன்னு வூட்டுக்காரம்மா சிரிக்குது.

இந்த வேலைல குந்தினா ஒருத்தர் மூஞ்சிய விட கையத்தான் அதிகமா பாப்போம். பேரணாம்பட்டு பக்கம் தோல் பதனிடற டேனரில சுண்ணாம்புத் தொட்டில வேல செஞ்சவங்க கை வழவழன்னு இருக்கும், ரேகை இருந்த எடமே தெரியாது. குடியாத்தம் பக்கத்துல இருந்து வாக்கப்பட்டு வந்த பொம்பளைங்க வருவாங்க, சின்ன வயசுல இருந்து பீடி சுத்தின கை, கட்டவிரலும் ஆள்காட்டி விரலும் நுனில தேஞ்சி போயிருக்கும். செங்கல் சூளை ஆளுங்க கைல கோட்டுக்கு மேல வெடிப்பு, வெடிப்புக்கு மேல கோடு, மெஷின் கொழம்பிப் போயிடும். கவர்மெண்ட் ஆபீஸ்ல வேல செய்றவரு, வாத்தியாரு, கடை மொதலாளி வந்தாங்கன்னா டக்குனு ஒரே அழுத்துல விழுந்துடும். அவங்களுக்கு ரேஷன் அரிசியும் தேவையில்ல, காப்பீட்டு அட்டையும் தேவையில்ல. யாருக்கு இந்தத் திட்டமெல்லாம் போட்டாங்களோ அவங்க கையத்தான் இந்த மெஷினுக்குப் புடிக்கல. இத நான் மொத வருஷமே கவனிச்சிட்டேன், ஆனா அதுல யோசிக்க இன்னா இருக்குன்னு அப்போ தோணல. எங்க ஆயா வந்து எதுத்தாப்ல குந்தற வரைக்கும்.

ஆயாவப் பத்தி சொல்லணும்னா திருவலம் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு புள்ள பெத்ததுக்கு அப்புறம் ஆயா மொழங்கைல வெத்தல சுண்ணாம்பு பட்டு காஞ்ச மாதிரி ஒரு வெளுப்பு. கிள்ளினா வலிக்கல. ஊர்ல யாரும் தொழுநோய்னுலாம் சொல்ல மாட்டாங்க, அது போஸ்டர்ல எழுதற வார்த்த. பெருவியாதின்னுவாங்க, இல்லன்னா குஷ்டம்னு கொரலக் கொறச்சி சொல்லுவாங்க. தாத்தா அடிக்கல திட்டல, பேசாம ஆத்தூட்டுக்கு அனுப்பிட்டு அடுத்த வருஷமே வேற கல்யாணம் பண்ணிக்கினாரு. ஆத்தூட்லயும் மாட்டுக் கொட்டா பக்கத்துல தனியா ஒரு சாய்ப்பு எறக்கி அங்கதான் படுக்க. தனித் தட்டு, தனி சொம்பு. எங்கப்பாவ அவங்க தாய்மாமன் வளத்தாரு, அம்மாவ தூரத்துல இருந்துதான் பாக்கணும்.

இதுல ஒரு அதிர்ஷ்டம்னு சொல்லணும்னா எங்க ஊருக்குக் கிட்டத்துலதான் கரிகிரி இருந்தது. 1955ல ஆரம்பிச்ச தொழுநோய் ஆஸ்பத்திரி. வேலூர்ல சி.எம்.சி. ஆஸ்பத்திரில இருந்த டாக்டர் பால் பிராண்ட் பேர இந்தப் பக்கம் பெரியவங்க இன்னும் சொல்லுவாங்க. இந்த வியாதில வெரலு அழுகி விழுதுன்னு உலகமே நம்பிக்கினு இருந்தப்போ, அழுகறதுலாம் இல்ல, நரம்பு செத்துப் போறதால வலி தெரியல, வலி தெரியாததால சுட்டுக்கறாங்க, வெட்டுக்கறாங்க, புண்ணோட நடக்கறாங்க, அதான் வெரல் போவுதுன்னு கண்டு சொன்னவரு. மடங்கிப் போன கைக்கு வேற எடத்து தசைநாண எடுத்து மாத்தித் தச்சி வெரல நீட்ட வச்சதும் அவருதான், 1940கள் கடைசில. ஆயா எங்களுக்குச் சொன்னது இவ்ளோ சயின்ஸாலாம் இல்ல. ஒரு நாள் காலைல எழுந்து பாத்தா கால் கட்டவிரல்ல ரத்தமாம், ராத்திரி எலி கடிச்சிருக்கு, தெரியவே இல்லயாம். "எலிக்குக் கூட நான் உசுரோட கீறேன்னு தெரில பாரு"ன்னு சொல்லி சிரிக்கும். சின்னப் பசங்க நாங்களும் சேந்து சிரிப்போம், இப்போ நெனச்சா ஒரு மாதிரியா இருக்கு.

வருஷக்கணக்கா டாப்சோன் மாத்திரை. அப்புறம் எம்.டி.டி.னு கூட்டு மருந்து வந்துது, 1980கள்ல. மூணு மருந்து சேந்த அட்டை, ஆறு மாசம் இல்லன்னா ஒரு வருஷம் சாப்புட்டா வியாதி முடிஞ்சிது. மொத டோஸ்லயே அடுத்தவங்களுக்குத் தொத்தறது பெரும்பாலும் நின்னுடும். அதுல ஒரு மாத்திரை தோல கருப்பாக்கும், சாப்புடற வரைக்கும் மூஞ்சி கருகின மாதிரி தெரியும், அதுக்காகவே பாதில நிறுத்தினவங்க உண்டு, ஊர் கண்டுபுடிச்சிடும்னு பயம். ஆயா நிறுத்தல. ஏற்கனவே ஊருக்குத் தெரியும், இனிமே இன்னா தெரியப் போவுதுன்னு முழுங்கிடுச்சாம்.

ஆக மருந்துன்னு பாத்தா ஆயாவுக்கு நோய் முடிஞ்சி போச்சு. ஆனா வியாதி முடிஞ்ச அப்புறமும் முப்பது வருஷத்துக்கு மேல ஆயா நோயாளியாவே இருந்தது, அந்த முப்பது வருஷத்துக்குக் காரணம் கிருமி கெடையாது. குணமான ஆள கூலிக்குக் கூப்புடலன்னா சாப்பாடு கொறயுது, சாப்பாடு கொறஞ்சா புண்ணு ஆறல. பஸ்ல பக்கத்துல யாரும் குந்த மாட்டாங்கன்னு நடந்தே போனா உணர்ச்சி இல்லாத கால்ல மறுபடி புண்ணு. கல்யாணத்துக்கு கூப்புட மாட்டாங்க, அதனால மனசு ஒடிஞ்சி ஒரு வாரம் கட்டு பிரிக்காமயே கெடக்கும். சட்டமே அப்படித்தான் இருந்தது, வெள்ளக்காரன் 1898ல போட்ட தொழுநோயாளிகள் சட்டம், ஆளப் புடிச்சி அடைக்கலாம்னு சொல்ற சட்டம், அத 2016லதான் ரத்து பண்ணாங்க. தொழுநோய் இருந்தா டைவர்ஸ் வாங்கலாம்னு கல்யாணச் சட்டங்கள்ல இருந்தத 2019லதான் எடுத்தாங்க. தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையா இல்லாம போச்சுன்னு நாடு அறிவிச்சது 2005 டிசம்பர்ல. அதாவது ஒழிஞ்சிதுன்னு சொன்னதுக்கு அப்புறமும் பதினாலு வருஷம் அந்த நோயக் காட்டி பொண்டாட்டிய வெரட்டலாம்னு சட்டப் புஸ்தகத்துல இருந்தது. எங்க தாத்தா கோர்ட்டுக்கெல்லாம் போகல, அவருக்கு அது தேவையும் படல.

அதே 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருபத்தோரு வகைல ஒண்ணா தொழுநோய்ல இருந்து குணமானவங்களையும் சேத்தாங்க. நம்ம மாநிலத்துல பராமரிப்பு உதவித்தொகைன்னு மாசாமாசம் கெடைக்கும், 1,500 ரூபா இருந்தது, அப்புறம் 2,000 ஆச்சு. 40 சதவீதம் ஊனம்னு சர்டிபிகேட் வேணும், ஆதார் வேணும், பேங்க் பாஸ்புக் வேணும். அப்பா ஒரு நாள் ஆயாவ நான் வேல செஞ்ச ஆதார் சென்டருக்கே இட்டுனு வந்துட்டாரு.

பத்து வெரலும் இல்லாதவங்க, வெரல் முழுசா இல்லாதவங்களுக்கு ஆதார்ல விதிவிலக்கு இருக்கு, கருவிழி எடுக்கலாம், வெரலுக்குப் பதிலா ஒரு போட்டோ எடுக்கணும். மூஞ்சியும் ரெண்டு கையும் ஒரே போட்டோவுல தெரியணும். ரூல் எனக்கு அத்துப்படி, எத்தன பேருக்கோ சொல்லியிருக்கேன், சூளைல மெஷின்ல கை போனவரு ஒருத்தருக்குக் கூட எடுத்திருக்கேன். ஆயாகிட்ட சொல்ல வாய் வரல.

ஏன்னா நான் பொறந்ததுல இருந்து ஆயாவோட கைய முழுசா பாத்ததில்ல. சோறு துன்னும்போது செவுத்தப் பாத்து திரும்பிக்கும். வெளிய வந்தா எந்நேரமும் முந்தானைக்குள்ள. நல்லது கெட்டதுக்கு யாராச்சும் கும்புட்டா தலைய மட்டும் ஆட்டும், கையெடுத்துக் கும்புடாது, திமிர் புடிச்ச கெழவின்னு தெரியாதவங்க பேசியிருக்காங்க. அந்த ஆயாவ பின்னால வெள்ளத் துணி கட்டின ஸ்டூல்ல குந்த வச்சி, வரிசைல முப்பது பேரு பாக்க, "கைய ரெண்டையும் மார்பு ஒசரத்துக்குத் தூக்கு ஆயா, கேமராவப் பாத்து காட்டு"ன்னு நான் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்துது. அப்புறம் முந்தானைய எடுத்து இடுப்புல சொருகிட்டு ரெண்டு கையையும் தூக்கிச்சி. எடது கைல மூணு வெரல் மொட்டையா, வலது கை மடங்கி பறவைக் கால் மாதிரி. நான் கிளிக் பண்ணது ஷேக் ஆயிடுச்சி. இன்னொரு தபா எடுக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டாவது தபா ஆயா தானாவே தூக்கிச்சி, "இப்ப ஒயிங்கா எட்றா"ன்னுது.

வரிசைல இருந்த ஒரு அம்மா பின்னாடி நகந்து போய் நின்னாங்க. அதையும் சொல்லிடறேன்.

ஒருத்தர சேத்துக்கறதுன்னு அரசாங்கம் முடிவு பண்ணா அதுக்கு வாசல்ல ஒரு கேள்வி வச்சித்தான் ஆகணும்னு எனக்கும் தெரியும், நானும் அந்த வாசல்லதான் சம்பளம் வாங்கறேன். யாருக்கு வேணாலும் குடுத்துட முடியாதுன்னு சொல்லுவாங்க, சரிதான். ஆனா அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல ஒருத்தரு இன்னா வெல குடுக்கறாருன்னு யாரும் கணக்கெழுதறதில்ல.

ஊனச் சர்டிபிகேட்டுக்கு கேம்ப் போட்ட அன்னிக்கு நடந்தது இன்னும் மோசம். எந்த எடம்னு சொல்லல, சொன்னா அங்க இருக்கற நல்லவங்க ரெண்டு பேருக்கும் சேத்து கெட்ட பேரு. மே மாசம், கத்திரி வெயில், வேலூர் வெயில் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. வரிசை வராண்டா தாண்டி வெளிய சிமெண்ட் தரைக்கு வந்துடுச்சி. ஆயா கரிகிரில தச்சிக் குடுத்த எம்.சி.ஆர். செருப்பு போட்டிருந்தது, உணர்ச்சி இல்லாத காலுக்குன்னே மெத்து ரப்பர்ல செய்றது, அது இல்லாம ஒரு அடி வைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க. ஆபீஸ்னதும் ஆயா அந்தச் செருப்ப கேட்டு பக்கத்துல கழட்டி வுட்டுட்டு வந்துடுச்சி. யாரும் கழட்டச் சொல்லல. அதிகாரி இருக்கற எடத்துல செருப்போட நிக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்து எங்க சேரி ஜனங்களுக்கு ரத்தத்துல ஊறினது. நான் ஃபாரம் பூத்தி பண்ணிக்கினு உள்ள இருந்தேன், பாக்கல. ரெண்டு மணி நேரம் அந்தச் சிமெண்ட்ல நின்னிருக்கு. சூடு தெரியாதே.

வூட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் அம்மா பாத்து கத்துனாங்க, ரெண்டு உள்ளங்காலும் ஆப்பம் மாதிரி கொப்புளம். சலுகை வாங்கப் போன எடத்துல புண்ணு வாங்கினு வந்தோம். ஆற நாலு மாசம். சர்டிபிகேட் வந்துது, பணமும் வந்துது. மொத ரெண்டு மாசப் பணம் கட்டு மாத்தப் போற ஆட்டோவுக்கே போச்சு.

ஆனா இங்க ஒண்ணு நான் ஒத்துக்கணும், இல்லன்னா பொய் எழுதின மாதிரி ஆயிடும். அந்தப் பணம் வந்த அப்புறம்தான் ஆயாவோட பழைய புண்ணு, எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து எடது குதிகால்ல இருந்த புண்ணு, மூடிச்சி. மருந்து மாத்தல, டாக்டர் மாத்தல. இந்தக் கால் புண்ணுக்கு உண்மையான வைத்தியம் கால ஊனாம இருக்கறது, அவ்ளோதான். மாவுக்கட்டு போட்டு வெயிட்ட பரப்பி விடறது கூட அதுக்குத்தான், இந்தப் பக்கம் தொழுநோய்க்காரங்க கால்ல போட்டுப் பழகினதுதான் இன்னிக்கு சுகர்காரங்க கால் புண்ணுக்கும் போடறாங்க. ஆனா ஊனாம இருந்தா விறகுக்கு யாரு போறது, நாலு வீட்டு மாட்டுக்குப் புல்லு யாரு அறுக்கறது? வாராவாரம் "நடக்காதீங்கம்மா"ன்னு நர்ஸ் சொல்லும், "சரிம்மா"ன்னு சொல்லிட்டு ஆயா நடந்தே வூட்டுக்கு வரும். மாசம் 1,500 வந்ததும் புல்லறுக்கறத வுட்டுடுச்சி. முப்பது வருஷத்துல ஆறாதது ஆறு மாசத்துல ஆறிடுச்சி. உதவித்தொகைன்னா ஏதோ பாவப்பட்டு குடுக்கற காசுன்னு பேசறவங்கள பாத்தா எனக்கு அந்தக் குதிகால்தான் ஞாபகம் வரும்.

இந்த மலைப் பக்கம் வந்து கடை போட்ட அப்புறம் இதையே வேற வேற ரூபத்துல பாக்கறேன். மேல பீஞ்சமந்தை, அல்லேரி, இதெல்லாம் மலையாளி பழங்குடி ஜனங்க. கேரளாவுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்ல, மலைல வாழற ஜனங்கன்னு அர்த்தம். பழங்குடிப் பட்டியல்ல மலையாளின்னு போட்டுட்டு, எந்தெந்த மாவட்டத்துலன்னும் போட்டிருக்கும், தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளின்னு. வட ஆற்காடுன்ற பேர்ல இன்னிக்கு மாவட்டமே இல்ல. 1989ல பிரிச்சி திருவண்ணாமலை தனியாச்சு, நாம வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனோம், அப்புறம் வேலூர் ஆனோம், 2019ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சிது. ஜனங்க வச்சிருக்கற ஒவ்வொரு பேப்பர்லயும் ஒவ்வொரு மாவட்டம். எஸ்.டி. சர்டிபிகேட் தாசில்தார் குடுக்க முடியாது, ஆர்.டி.ஓ., அதாவது கோட்டாட்சியரு விசாரிச்சித்தான் குடுக்கணும், அப்பாவோட சர்டிபிகேட் இருக்கான்னு கேப்பாங்க. மலையாளி ஜனங்கள்ல நெறைய பேருகிட்ட இப்போ இருக்கு. கீழ ஏரிக்கரைல குடிசை போட்டு இருக்கற இருளர் குடும்பங்களுக்கு அதுவும் இருக்காது. மரம் வெட்டற எடத்துலயும் ரைஸ் மில்லுலயும் அட்வான்ஸ் வாங்கி மாட்டிக்கிட்டு கொத்தடிமையா தலைமுறையே போயிருக்கும், பொறந்த தேதியே தெரியாத அப்பனுக்கு சாதிச் சான்று எங்க இருந்து வரும்? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல.

2023 மே மாசம் அல்லேரி மலைல அத்திமரத்துக்கொல்லைல ஒன்றரை வயசுப் புள்ளைய பாம்பு கடிச்சி, ஆஸ்பத்திரி கொண்டாறதுக்குள்ள உசுரு போயிடுச்சி. ஒடம்ப திருப்பிக் கொண்டு போன ஆம்புலன்ஸ் மேல போக ரோடு இல்லன்னு பாதில எறக்கி வுட்டுது, பெத்தவ புள்ளைய கைல தூக்கினு மலையேறினா. டிவில எல்லாம் வந்துது, எல்லாரும் பாத்திருப்பீங்க. அந்த ஜனங்க பட்டியல்ல பழங்குடி, எல்லா திட்டத்துலயும் மொதல்ல பேரு, காப்பீட்டு அட்டை கூட இருக்கலாம். 5 லட்ச ரூபாய்க்கு காப்பீடு இருந்து இன்னா, அந்த அட்டைய காட்ட வேண்டிய கவுண்டர் பாம்பு விஷத்த விட தூரத்துல இருக்கு.

காப்பீடுன்னதும் சொல்லிடறேன். 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு வந்தது, அப்புறம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்னு பேரு மாறிச்சி. வருஷ வருமானம் 72,000க்குள்ள இருக்கணும்னு ரொம்ப நாள் ரூல், இப்போ 1,20,000. நான் டைப் பண்ண வருமானச் சான்று அப்ளிகேஷன வச்சிப் பாத்தா எங்க ஏரியால எல்லாரோட வருமானமும் கரெக்டா 72,000 ரூபா, ஒரு ரூபா ஏறாது எறங்காது, அப்படி ஒரு சமத்துவம் நீங்க உலகத்துல எங்கயும் பாக்க முடியாது. சிரிப்புக்கு சொன்னாலும் இது நல்லதுக்குன்னுதான் நான் நெனைக்கறேன். டேனரில மாசம் 12,000 வாங்கறவன் நெஞ்சு வலின்னா 12,000த்துல எந்த நெஞ்ச ஆபரேஷன் பண்ணுவான்? பொய் சொல்ல வச்சாதான் உள்ள வுடற கதவ போட்டுட்டு ஜனங்க பொய் சொல்றாங்கன்னு பேசக் கூடாது.

நானும் யோக்கியன் இல்ல. ரெண்டு மூணு வருஷம் முன்னாடி மலைல இருந்து ஒரு பையனும் பொண்டாட்டியும் வந்தாங்க. அந்தப் பொண்ணு வயித்துல ஆறு ஏழு மாசம் இருக்கும். கர்ப்பிணிங்களுக்கு குடுக்கற முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணத்துக்கு பேங்க் கணக்கு, ஆதார் எல்லாம் சரி பண்ணணும்னு நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. மொத்தம் 18,000, அதுல கொஞ்சம் ஊட்டச்சத்துப் பெட்டகமா, மீதி பணமா. ஆதார்ல வயசு பாத்தா பொண்ணுக்கு பதினெட்டு கூட முழுசா ஆவல. திட்டத்துல தாய்க்கு 19 வயசு முடிஞ்சிருக்கணும், மொத ரெண்டு பிரசவத்துக்குத்தான். இந்த ரூலு எதுக்குன்னு எனக்குப் புரியுது, சின்ன வயசுல கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு. ஆனா கல்யாணம் பண்ணி வச்ச பெரியவங்கள யாரும் ஒண்ணும் பண்ணல, அந்தப் பொண்ணு வயித்துக்குப் போற பேரீச்சம்பழத்ததான் நிறுத்தறாங்க. பதினேழு வயசுல புள்ள சொமக்கறவளுக்குத்தான் இரும்புச் சத்து அதிகமா வேணும், அவளுக்குத்தான் பெட்டகம் கெடையாது.

அது கூட அந்த நேரத்துல எனக்குத் தோணல. கரண்ட் போய் போய் வந்துது, சர்வர் சுத்திக்கினே இருந்தது, மத்தியானச் சாப்பாட்டு நேரம், எனக்குப் பசி. "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க"ன்னேன். அந்தப் பையன் "சரிங்க சார்"னு சொல்லிட்டு போயிட்டான். ஜீப்புக்கு ஆளு சேந்தாதான் எறங்க முடியும், ஒரு நாள் கூலி ரெண்டு பேருக்கும் போச்சுன்னு அவன் ஒரு வார்த்த சொல்லல. சண்ட போட்டிருந்தா உக்காந்து பண்ணிக் குடுத்திருப்பேன். சண்ட போடத் தெரிஞ்சவன் வேலைதான் எந்த ஆபீஸ்லயும் நடக்குது. அவங்க நாளைக்கும் வரல, அதுக்கடுத்த வாரமும் வரல. அப்புறம் ஒரு நாள் நர்ஸம்மா ஜெராக்ஸ் எடுக்க வந்தப்போ கேட்டேன், வூட்லயே வலி வந்து, டோலி கட்டி எறக்கி, ரத்தம் ரொம்ப கொறஞ்சி போய் அடுக்கம்பாறை கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ரெண்டு பாட்டில் ஏத்தினாங்களாம். தாயும் புள்ளையும் பொழச்சிடுச்சி. நான் அன்னிக்கு பதிவு பண்ணிக் குடுத்திருந்தாலும் வயசு ரூல்ல பணம் வந்திருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். ஆனா அவ ரெண்டாவது தபா எறங்கி வந்திருப்பா, வந்திருந்தா எதுத்தாப்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பாத்திருப்பாங்க. அவ திரும்ப வராததுக்குக் காரணம் ரூல் இல்ல, என் பசி.

இவ்ளோ கொற சொல்றவன் எது உருப்படின்னும் சொல்லணும் இல்ல? கை ரேகையே கேக்காத திட்டங்களப் பாருங்க. 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவ விரிவு பண்ணாரு, ஸ்கூலுக்கு வந்த புள்ளைக்கு சோறு, நீ யாரு உங்கப்பன் வருமானம் எவ்ளோன்னு கேக்கல. 2022 செப்டம்பர்ல இருந்து காலைல உப்புமா, பொங்கல். எங்கப்பா ஸ்கூல்ல தனியா குந்தி சாப்புட்டவரு, குஷ்டக்காரி புள்ளன்னு. சோத்துப் பந்தி ஒண்ணா ஆனதுல சாதியும் இந்த வியாதிப் பேரும் முழுசா போயிடுச்சின்னு சொல்ல மாட்டேன், ஆனா எம் புள்ளைக்கு யாரு பக்கத்துல குந்தி துன்னோம்னு ஞாபகம் வச்சிக்கற பழக்கமே இல்ல. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பி.பி. மாத்திரை, சுகர் மாத்திரை வூட்டு வாசலுக்கே வருது. அதே வருஷம் டிசம்பர்ல வந்த இன்னுயிர் காப்போம், ரோட்ல அடிபட்டா மொத 48 மணி நேரம் யாரா இருந்தாலும் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் இலவசம், அட்டை வேணாம். லேடீஸுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனப்போ காசு மிச்சம்னுதான் எல்லாரும் பேசினாங்க, என் கடைக்கு எதுத்த ஸ்டாப்புல நான் பாக்கறது வேற, ஆஸ்பத்திரிக்குப் போற பொம்பளைங்க கூட்டம். முன்னாடி புருஷன்கிட்ட பஸ்ஸுக்குக் காசு கேக்கணும், எதுக்குன்னு சொல்லணும், வெள்ளப் படுதுன்னு எப்படி சொல்லுவா? இப்போ பஸ்ஸ கை காட்டி நிறுத்தறா, போறா.

ஆயா 2021ல தவறிடுச்சி. கடைசி வருஷம் ரேஷன் கடைல வெரல் மெஷின் வந்த சமயம், அந்தக் கடைக்காரரு நல்லவரு, வேற ஆள எழுதிக் குடுக்கற ஃபாரம் வாங்கி என் அம்மா பேர போட்டு சரி பண்ணிக் குடுத்தாரு. 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு, 70 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வூட்டுக்கே வண்டில வர ஆரம்பிச்சிது. ஆயா இருந்திருந்தா ரெண்டு கணக்குலயும் வரும். வண்டிக்காரன் வாசல்ல நின்னு கூப்புட்டா வெளிய வந்திருக்குமா, இல்ல அம்மாவ அனுப்பிட்டு செவுத்தப் பாத்து குந்தியிருக்குமா தெரியல.

போன மாசம் கடைக்கு ஒரு பாட்டி வந்தாங்க, பேத்தி இட்டுனு வந்துது. ஆதார்ல ஃபோன் நம்பர் மாத்தணும்னாங்க. என் கடைல அத பண்ண முடியாது, ஆதார் சென்டருக்குப் போகணும், பழைய பழக்கத்துல கடைய பூட்டிட்டு நானே கூட போனேன், அங்க இருக்கற பையன் எனக்குப் பின்னாடி சேந்தவன். பாட்டி முந்தானைக்குள்ள கைய வச்சிருந்த விதத்துலயே எனக்குத் தெரிஞ்சி போச்சு. பையன் "கை வைங்க பாட்டி"ன்னான். நான் அவன் தோள்ல தட்டி கண்ணு மெஷின எடுக்கச் சொன்னேன். பாட்டிக்கு சேர் போட்டு, செருப்பு போட்டுக்கினே குந்துங்கன்னு சொன்னோம். பையன் மெஷின தூக்கிப் புடிச்சிக்கினு, "பாட்டி, ஒரு பத்து செகண்டு கண்ண இமைக்காதீங்க, அசையாதீங்க"ன்னான்.

இந்த வியாதில சில பேருக்கு கண் இமைக்குப் போற நரம்பும் செத்துடும்.

பாட்டி சிரிச்சாங்க. "இமைக்கறதா? அது கடைசியா மூடி இருவது வருசம் ஆவுது கண்ணு. நீ எவ்ளோ நேரம் வேணாலும் எடு."

மொத தபாவே விழுந்துடுச்சி.